நெஞ்சுச் சளியும் ஒரு நிமிட மூச்சும்

மாரி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு டிசம்பர் மாதம். உம்மாவுக்கு அப்போது 74 வயது. மூன்று நாளாக இருமல். போனில் கேட்டால், "ஒண்டுமில்ல மகன், தடிமன்தான். கொத்தமல்லி அவிச்சுக் குடிச்ச" என்பார். காய்ச்சல் இருக்கிறதா என்று ராத்தாவிடம் கேட்டேன். இல்லை. சாப்பாடு? கொஞ்சம் குறைவு. நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி. அந்த வாரம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தடிமனும் இருமலும். உம்மாவும் அவர்களில் ஒருவர் என்று மனதுக்குள் எழுதி மூடிவிட்டேன்.

நான்காம் நாள் இரவு ராத்தா மறுபடி எடுத்தா. "தம்பி, உம்மா இண்டைக்கு அஸர மூணு தரம் தொழுதிட்டா. தொழுதிட்டீங்களே எண்டா, இன்னும் இல்லயே எண்டு செல்றா."

"வயசாகுதே ராத்தா" என்றேன். ஒரு டொக்டர் சொல்லக்கூடாத பதில் அது.

விடிந்ததும் வீட்டுக்குப் போனேன். உம்மா கட்டில் ஓரத்தில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 34. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒட்சிசன் அளவு 85 வீதம் என்று காட்டியது. அப்போதும் காய்ச்சல் இல்லை. லுஹர் நேரத்துக்கு முன்னர் உம்மா வார்டில், ஒட்சிசனோடு இருந்தார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக நிறைந்திருந்தது. நியூமோனியா.

எத்தனையோ பிள்ளைகளின் மூச்சை எண்ணியிருக்கிறேன். என் உம்மாவின் மூச்சை எண்ணச் சொல்லி ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எதற்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேலேயும் கீழேயும்

மூக்கு, தொண்டை, குரல்வளை வரையுள்ளது மேல் சுவாசப் பாதை. தடிமன், தொண்டை நோவு எல்லாம் அங்கே நடப்பவை. குரல்வளைக்குக் கீழே வாதனாளி, அது இரண்டாகப் பிரியும் சுவாசக் குழாய்கள், அவை மரக்கிளைபோல் பிரிந்து சிறுத்துப் போகும் நுண்குழாய்கள், கடைசியில் திராட்சைக் குலைபோல் தொங்கும் காற்றுச் சிற்றறைகள். இது கீழ்ச் சுவாசப் பாதை. இங்கே வரும் தொற்றைத்தான் நம்மவர்கள் "சளி நெஞ்சுக்க இறங்கிட்டு" என்கிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் சரியானதே.

எங்கே இறங்கியது என்பதை வைத்துப் பெயர் மாறும். பெரிய குழாய்களில் என்றால் மூச்சுக்குழல் அழற்சி. டொக்டர்மார் புரொங்கைட்டிஸ் என்று எழுதுவார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நுண்குழாய்களில் என்றால் புரொங்கியோலைட்டிஸ். சிற்றறைகளுக்குள்ளேயே போய்விட்டால் நியூமோனியா. மூன்றிலும் இருமல் உண்டு. ஆனால் மூன்றும் வேறு வேறு ஆபத்து, வேறு வேறு வைத்தியம்.

நமது நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகிறது. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு சேர்ந்து இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நபீஸ் எழுதிவைத்தார். நியூமோனியாவில் நடப்பது, அந்தச் சந்திப்பு கெடுவதுதான். கிருமியோடு போராடப் போன வெள்ளைக் கலங்களும் கசிந்த நீரும் சீழும் சிற்றறைகளை நிரப்பிவிடும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர். இரத்தம் வந்து வெறுங்கையோடு திரும்புகிறது. குறையை ஈடுசெய்ய மூளை கட்டளையிடும்: இன்னும் வேகமாக மூச்செடு.

மூச்சின் வேகம் நோயின் அளவைச் சொல்வது இதனால்தான். இருமல் சத்தம் அதைச் சொல்லாது. வீடே அதிர இருமுகிறவருக்குச் சாதாரண புரொங்கைட்டிஸ் இருக்கலாம். சத்தமே இல்லாமல் கட்டில் ஓரத்தில் இருப்பவருக்கு நியூமோனியா இருக்கலாம்.

கிருமிகள்

புரொங்கைட்டிஸின் பெரும்பகுதியும், குழந்தைகளின் புரொங்கியோலைட்டிஸ் ஏறத்தாழ முழுவதும் வைரசுகளால் வருபவை. இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி., நமக்கு நன்றாகவே அறிமுகமான கொரோனா எல்லாம் இந்தக் கூட்டம். இலங்கையில் இன்புளுவென்சா பொதுவாக ஆண்டில் இருமுறை தலைதூக்கும்: மே முதல் ஜூலை வரை ஒன்று, நவம்பர் முதல் பெப்ரவரி வரை இன்னொன்று.

நியூமோனியாவுக்கு வைரசும் காரணமாகலாம், பக்டீரியாவும் காரணமாகலாம். பக்டீரியாக்களில் முதலிடம் நியூமோகொக்கஸுக்கு. 1881இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டேர்ன்பேர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்த கிருமி அது. சுகமாக இருப்பவர்களின், முக்கியமாகச் சிறுபிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் அது பேசாமல் குடியிருக்கும். உடம்பு தளர்ந்த நேரம், அல்லது ஒரு வைரசுக் காய்ச்சல் வந்து பாதையைப் புண்ணாக்கிய நேரம் கீழே இறங்கும். "தடிமன் சுகமாகி ரெண்டு நாள் நல்லா இருந்தார், பிறகுதான் காய்ச்சல் திரும்ப வந்த" என்று யாராவது சொன்னால் நாங்கள் காது கொடுத்துக் கேட்பது அதனால்தான்.

கிழக்கிலும் வடமத்தியிலும் வயலோடு வாழ்பவர்கள் இன்னொரு பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: மெலியோய்டோசிஸ். மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியா இதை உண்டாக்குகிறது. இலங்கையில் 1927இலேயே ஒரு நோயாளி பதிவாகியிருந்தும், நெடுங்காலம் இதை ஒரு அபூர்வ வியாதி என்றே எண்ணியிருந்தோம். தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நாட்டின் பல மாவட்டங்களிலும் இருப்பது தெரிந்தது. மழைக்காலத்தில், சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வரும். நியூமோனியாவாகவே தோன்றும், ஆனால் வழக்கமான அன்டிபயோட்டிக்குக்கு மசியாது. அதற்கென்று உள்ள ஊசி மருந்துகளைக் கொடுத்து, பிறகு மூன்று மாதமளவில் குளிசையும் தொடர வேண்டும். ஆகவே டொக்டரிடம் போகும்போது, "எனக்குச் சீனி இருக்கு, நான் வயல் செய்யிற" என்ற இரண்டு விசயத்தையும் கேட்காமலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வரி உயிரைக் காப்பாற்றலாம்.

கசநோயையும் மறக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிதல், சளியில் இரத்தம் என்றால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். "ஊருக்குத் தெரிஞ்சா மகளுக்கு மாப்பிள்ள கிடைக்காது" என்று ஒளித்து, பிந்தி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒளித்த காலத்தில் அந்த மகளுக்கே தொற்றியிருந்தது.

எண்ணும் முறை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு ஸீனா தமது அல்கானூன் நூலில் விலாப்புற நோய்க்குரிய அடையாளங்களாக ஐந்தைச் சொல்கிறார். விடாத காய்ச்சல், விலாவில் குத்துவலி, சிரமப்பட்டு அடிக்கடி எடுக்கும் மூச்சு, நாடியின் மாற்றம், இருமல். ஸ்டெதஸ்கோப் 1816இல்தான் வந்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னரே, நோயாளியின் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்து மூச்சைக் கவனித்திருக்கிறார்கள். அந்தப் பழைய வேலையைத்தான் இன்று உலக சுகாதார நிறுவனம் தாய்மாருக்கும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கற்றுக் கொடுக்கிறது.

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்துங்கள். வயிறும் நெஞ்சும் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் பிழைக்கும், ஏனென்றால் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை. 25ஐத் தாண்டினால் அன்றே டொக்டரிடம் காட்ட வேண்டும். 30ஐத் தொட்டால் நேரே ஆஸ்பத்திரி.

எண்ணிக்கையோடு சில அடையாளங்களையும் பாருங்கள். மூச்செடுக்கும்போது பிள்ளையின் விலாவுக்குக் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா? பால் குடிக்க முடியாமல் இருக்கிறதா? குடிப்பதை எல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினாலும் எழும்பாமல் சோர்ந்து கிடக்கிறதா? உதடு நீலம் பாரித்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏழு இலட்சத்து 40 ஆயிரம் பிள்ளைகள் நியூமோனியாவால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

முதியவர்களுக்கு வேறு கணக்கு. வயது போனால் காய்ச்சல் ஏறாமலே நியூமோனியா வரும். இருமலும் சிறிதாகவே இருக்கும். ஆனால் புத்தி தடுமாறும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று கிழமையை மாற்றிச் சொல்வார், மௌத்தாகிய ஆளைத் தேடுவார், தொழுததை மறப்பார், காரணமில்லாமல் விழுவார். ஒரு நாள் இரண்டு நாளுக்குள் திடீரென வந்த தடுமாற்றம் என்றால் அதை வயதின் மேல் போடாதீர்கள். மூச்சை எண்ணுங்கள்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் போடும் கணக்கும் ஏறத்தாழ இதுதான். புத்தித் தடுமாற்றத்துக்கு ஒரு புள்ளி, மூச்சு 30 அல்லது மேல் என்றால் ஒரு புள்ளி, இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் ஒரு புள்ளி, 65 வயது அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு புள்ளி. பூச்சியம் என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே மருந்து எடுக்கலாம். மூன்று என்றால் அவசரம். உம்மாவுக்கு மூன்று. அந்த மூன்றையும் ஒரு கருவியும் இல்லாமல் ராத்தாவால் வீட்டில் இருந்தே சொல்லியிருக்க முடியும், நான் கேட்டிருந்தால்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்ல விசயம். கை சூடாக இருக்கும்போது பாருங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் அளவு பிழைக்கலாம். வேறு விரலில் மாட்டுங்கள். 94க்குக் கீழே போனால் காட்ட வேண்டும், 90க்குக் கீழே என்றால் உடனே. நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை வேறாக இருக்கும். அவர்கள் தங்கள் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

ஆஸ்பத்திரியில் பார்ப்பவை

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டால், நீர் நிறைந்த பகுதியில் தலைமயிரைக் காதருகே உரசியது போன்ற நெறுநெறுப்புக் கேட்கும். எக்ஸ்ரே நோயை உறுதிப்படுத்தும். நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கட்டியிருக்கிறதா என்பதையும் காட்டும். இரத்தப் பரிசோதனையில் வெள்ளைக் கலங்களையும் சி.ஆர்.பி.யையும் பார்ப்போம். கடுமையான நோயாளிக்கு அன்டிபயோட்டிக் தொடங்குமுன் இரத்தத்தையும் சளியையும் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்போம். மெலியோய்டோசிஸைப் பிடிப்பது பெரும்பாலும் அந்தப் பரிசோதனைதான்.

எல்லா இருமலுக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. "ஒரு படம் எடுத்துப் பாக்காம எப்பிடி டொக்டர்?" என்று கோபிப்பவர்கள் உண்டு. மூச்சு சீராக, காய்ச்சல் இல்லாமல், நெஞ்சு தெளிவாக இருந்தால் படம் புதிதாக எதையும் சொல்லாது. அதேபோல் சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ இருப்பதை வைத்து மட்டும் பக்டீரியா என்று முடிவு கட்டவும் முடியாது. வைரசுத் தொற்றிலும் சளி நிறம் மாறும்.

மருந்து யாருக்கு

இங்கேதான் நாம் இரண்டு பக்கத்திலும் பிழை விடுகிறோம். தேவையில்லாதவருக்கு அன்டிபயோட்டிக் முதல் நாளே போகிறது. தேவையானவருக்கு நாலு நாள் பிந்துகிறது.

புரொங்கைட்டிஸ் இருமல் மூன்று வாரம் வரை நீடிப்பது சாதாரணம். ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்று பார்மசிக்குப் போய், "போன முறை தந்த கெப்சூல்ல ஆறு தாங்க" என்று கேட்பது நமக்குப் பழகிவிட்டது. வைரசை அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. ஆனால் நம் உடம்பிலுள்ள பக்டீரியாக்களுக்கு அந்த மருந்தைத் தாங்கிப் பிழைக்கப் பழக்கிவிடும். நாளைக்கு உண்மையான நியூமோனியா வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. சிப்ரோபுளொக்சசின், லீவோபுளொக்சசின் வகை மருந்துகள் கசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கும். சில நாள் சுகம்போல் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைப் பிந்தச் செய்யும்.

வைரசு இருமலுக்கு வேண்டியவை ஓய்வு, போதியளவு நீராகாரம், காய்ச்சலுக்குப் பனடோல். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்குப் படுக்கப்போகுமுன் ஒரு கரண்டி தேன் இரவு இருமலைக் குறைக்கும். ஆய்வுகளிலும் அதற்கு ஆதாரம் உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது, தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பக்டீரியா வித்து, அந்த வயதுக் குடலில் முளைத்து உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். கொத்தமல்லித் தண்ணீர் பெரியவர்களுக்கு இதமானது, குடிக்கட்டும். கொதிக்கும் சட்டியில் பிள்ளைக்கு ஆவி பிடிப்பது வேண்டாம்; சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளை வார்டில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடிமனோடும் இழுப்பு வரும் பிள்ளைக்குத் தொய்வு இருக்கலாம். அதற்கு வேண்டியது இன்ஹேலர், அன்டிபயோட்டிக் இல்லை.

நியூமோனியா என்று தெரிந்தால் கதை மாறுகிறது. அப்போது அன்டிபயோட்டிக் தாமதமின்றிப் போக வேண்டும். இலேசான நோய்க்கு அமொக்சிசிலின் போன்ற பழைய, மலிவான மருந்தே பெரும்பாலும் போதும். பலருக்கு ஐந்து நாள் காணும். சிலருக்கு வேறு வகைக் கிருமியை எண்ணி இன்னொரு மருந்தும் சேர்ப்போம். கடுமையானவர்களுக்கு ஊசி, ஒட்சிசன், சேலைன். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தி மிச்சத்தை அலுமாரியில் வைக்காதீர்கள். மூன்று நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் குறையாவிட்டால் திரும்பி வாருங்கள். சீழ் கட்டியிருக்கலாம், கிருமி வேறாக இருக்கலாம்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் களைப்பு பல வாரம் இருக்கும். எக்ஸ்ரே தெளிய ஆறு வாரமும் ஆகலாம். புகைப்பவர்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு படம் எடுப்பது நல்லது. நியூமோனியாவுக்குப் பின்னால் ஒரு கட்டி ஒளிந்திருப்பதுண்டு. நோன்பு மாதமாக இருந்தால், நோயாளிக்கு சூரா பகராவில் தரப்பட்ட சலுகை இருக்கிறது. ஒட்சிசன் மாஸ்க்கோடு இருந்துகொண்டு "நோன்ப விட மனம் வருகுதில்ல டொக்டர்" என்று மருந்தை மறுத்த ஒரு பெரியவரை, பள்ளிவாசல் இமாமை வரவழைத்துத்தான் சம்மதிக்க வைத்தோம்.

வராமல் இருக்க

பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் போடும் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். 2008 முதல் கொடுக்கப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் நியூமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான மருந்தும் இருக்கிறது. சின்னமுத்து ஊசியும் நுரையீரலைக் காக்கும் ஊசிதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது அதற்கு ஈடான காவல்.

புகையைக் குறையுங்கள். சிகரட் மட்டுமல்ல, விறகடுப்பும் நுளம்புச் சுருளும் புகைதான். பிள்ளை பெற்ற வீட்டில், யன்னல் எல்லாம் பூட்டிய அறைக்குள் சாம்பிராணி போட்டுக் குழந்தையின் தலையைக் காய்ச்சுகிறோம். மணம் நமக்குப் பிடிக்கும். ஆனால் சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய பிசிர்களைப் புகை முடக்குகிறது. துவாயால் துடைத்தாலே தலை காயும்.

ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்களில் பெரும் பங்கினர் இருமலோடு திரும்புவது எல்லாருக்கும் தெரியும். அங்கே ஹாஜிகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு நியூமோனியா ஒரு முக்கிய காரணம். முதியவர்களும் சீனி, இதய நோய் உள்ளவர்களும் கட்டாய ஊசியோடு நின்றுவிடாமல், இன்புளுவென்சா, நியூமோகொக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றியும் புறப்படுமுன் டொக்டரிடம் கேளுங்கள்.

பாயோடு கிடக்கும் பெரியவர்களுக்குப் படுத்தபடி கஞ்சி ஊட்டாதீர்கள். நிமிர்த்தி இருத்தி, மெதுவாக, விழுங்கியதைப் பார்த்து அடுத்த கரண்டி. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். வாயையும் நாளுக்கு இருமுறை சுத்தம் செய்யுங்கள். வாயிலுள்ள அழுக்கும் உணவும் நுரையீரலுக்குள் வழுகிப்போவதால் வரும் நியூமோனியா, நம் வீடுகளில் பேசப்படாமல் பலரைக் கொண்டுபோகிறது. மிஸ்வாக்கை நாம் தொழுகைக்கு முன் நினைக்கிறோம். எழும்ப முடியாத உம்மாவின் வாய்க்கும் நினைக்க வேண்டும்.

உம்மா ஒன்பது நாள் வார்டில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்தார். அதன் பிறகு நாலு வருடம் எங்களோடு வாழ்ந்தார். அந்த நாலு வருடமும், எந்தத் தடிமன் வந்தாலும் ராத்தா போனில் முதலில் சொல்வது எண்ணிக்கையைத்தான்: "இருவத்திரெண்டு தம்பி, பயமில்ல."

வார்டில் ஐந்தாம் நாள், உம்மாவின் கட்டிலருகே நின்று மணிக்கூட்டைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும். கண்ணை விழித்த உம்மா கேட்டார், "என்ன மகன், தஸ்பீஹா?"

"ஓம் உம்மா" என்றேன். 24 வரை வந்திருந்தது.